நாலேகால் கட்டை

ஆகஸ்ட் 1, வெள்ளி. தூத்துக்குடி

வேன் பத்து மணிக்கு வரும் என்றார்கள். பதினொன்றரைக்கு வந்தது. அதுவரை ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உட்கார்ந்தால் புதுச் சுடிதார் கசங்கிவிடும்.

இந்த நோட்டு அப்பா வாங்கித் தந்தது. “பாக்குறதெல்லாம் எழுதிட்டு வா, எப்சி. வந்து வாசிச்சுக் காட்டணும்” என்றார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் வேலை. வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் மட்டும்தான். அதனால் இதில் எழுதுகிற எல்லாவற்றையும் ஒருநாள் சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் குழுவின் பெயர் உப்புக்காத்து. நாலு பேர். பாடுவது பேச்சியக்கா. கிட்டார் இன்பா அண்ணன், வலைக்கடையில் வேலை செய்கிறார். டிரம் உதுமான் அண்ணன், பேக்கரியில் மக்ரூன் போடுகிறவர். ஆர்மோனியம் நான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது.

பெருமழை என்ற பெரிய குழு ஆறு ஊர்களில் நிகழ்ச்சி நடத்துகிறது. ஒவ்வொரு ஊரிலும் அவர்களுக்கு முன்னால் இருபது நிமிடம் நாங்கள். கடைசி ஊர் சென்னை. அங்கே வீடியோ எடுப்பார்கள். எங்கள் ‘வெள்ளை வயல்’ பாட்டை இரண்டு குழுவும் சேர்ந்து வாசிக்கும். ஆனால் சரியில்லை என்றால் நடுவிலேயே வேறு குழுவை மாற்றிவிடுவார்களாம். போன வருடம் வந்தவர்களைத் திருச்சியோடு அனுப்பிவிட்டார்கள். பேச்சியக்காவுக்கு மொபைல் கடையில் லீவு கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். “சென்னை மேடையில நின்னுட்டு வந்துதான் அடுத்த வேலை தேடணும்” என்று வேனில் ஏறும்போது சொன்னாள்.

ஆர்மோனியம் எங்கள் தேவாலயச் சபையில் இருந்தது. சபைக்குக் கீபோர்டு வந்ததும் இன்பா அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியின் கைப்பிடி ஆணிகள் துருவேறி இற்றுப்போனவை. கைப்பிடியில் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் இது பழக்கம்.

வேன் ஹாரன் எங்கள் சட்ஜத்துக்கு, அதாவது ‘ஸ’வுக்கு, ஒரு இழை மேலே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி. நாகர்கோவில்

முதல் நிகழ்ச்சி முடிந்தது. எதிலிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

மேடையில் ஒலி சரிபார்க்கப் பெருமழைக்கு மூன்று மணி நேரம் ஆனது. எங்களுக்கு இரண்டு நிமிடம். ஆளுக்கு ஒருமுறை மைக்கைத் தட்டிப் பார்த்தோம். இருபது நிமிடம் பதினான்காகச் சுருங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் எங்களுக்கு முதுகு காட்டிச் சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்து நின்றார்கள். இறங்கியதும் உதுமான் அண்ணன், “இன்னிக்கு போண்டாவுக்குப் பின்னணி இசை நாமதாம்” என்றார்.

பிறகு பெருமழை ஏறியது. நான் மேடையின் பக்கவாட்டில் இரும்புப் படிகளில் நின்றேன். முதல் அடி விழுந்தபோது அது என் காதுக்கு வரவில்லை. வயிற்றுக்கு வந்தது. கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை. பேஸ் கிட்டாரில் குறிப்பிட்ட ஒரு சுரம் வரும்போது மட்டும் படியின் கைப்பிடிக் கம்பி தானாக முனகியது. மற்ற சுரங்களுக்கு வாய் திறக்கவில்லை. ஒத்ததிர்வு. இரண்டாம் ஆண்டு, அலகு மூன்று. பத்து மதிப்பெண் கேள்வி. கம்பியைத் தொட்டுக்கொண்டே கடைசிவரை நின்றேன். மூன்று வருடம் மனப்பாடம் செய்தது இரும்புக்குள் உயிரோடு இருக்கிறது.

நாலாயிரம் பேர் இருந்திருப்பார்கள். பெருமழையின் தலைவர் கௌதமன் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒரு மனிதனுக்கு இது எப்படி முடிகிறது?

லாட்ஜில் லிப்ட் இருக்கிறது. அதன் முனகல் எங்கள் சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. மதுரை

சென்னையில் சேர்ந்து வாசிக்க வேண்டிய ‘வெள்ளை வயல்’ பாட்டுக்குத் தனியாக ஒத்திகை பார்க்க நேரமில்லாததால் கௌதமன் நேராக மேடைக்கே வந்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்களுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார், அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம் என்பதுகூடத் தெரிகிற தூரத்தில்.

அவர் கிட்டார்க் கம்பியைத் தொட்டதும் எல்லாம் கலங்கியது. ஒலி வீங்கிச் சுருங்கியது, வீங்கிச் சுருங்கியது. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்கள் இரண்டு மோதினால் அப்படி ஆகும். புத்தகத்தில் அதற்கு விம்மல் என்று பெயர். பேச்சியக்கா பாடிக்கொண்டே அவரை முறைத்தாள். அவர் இரண்டு வரிக்குப் பிறகு கையை எடுத்துவிட்டுத் தாளம் மட்டும் தட்டினார். முன்வரிசையில் ஊளையிட்டார்கள்.

திரும்பும் வழியில் இன்பா அண்ணன் நிஜமான வருத்தத்தோடு சொன்னார். “பாவம்ல. எவ்வளவு பெரிய ஆளு. சுருதி சேக்கத் தெரியல.”

ஆகஸ்ட் 4, திங்கள். மதுரை

காலையில் நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லோகு அண்ணன் போனோடு வந்தார். ஒலிப்பலகை முழுவதும் அவர் பொறுப்பு. சென்னை வியாசர்பாடிக்காரர். இன்பா அண்ணனைக் கிட்டார் வாசிக்கச் சொல்லிப் போனில் சுருதி காட்டும் ஒரு முள்ளைப் பார்த்தார்.

“இன்னாபா இது? எந்த ஊரு சுருதி இது? நாலு கட்டையும் இல்ல, நாலரையும் இல்ல.”

“ஆர்மோனியத்தப் பாத்துத்தான சேத்தோம்” என்றார் இன்பா அண்ணன்.

“ஆர்மோனியம் எத்தப் பாத்து சேத்துச்சு?”

சுருதிக்குக் கட்டைதான் அளவு. உலகத்தில் நாலு கட்டை இருக்கிறது, அடுத்தது நாலரை. நடுவில் ஒன்றும் கிடையாது. எங்கள் ஆர்மோனியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உப்புக் காற்றில், ஒலி தரும் பித்தளை ரீடுகளில் களிம்பேறி மெல்ல மெல்ல இறங்கியிருக்க வேண்டும். ஆறு வருடமாகக் கல்யாண வீடு, சபையின் அசன விருந்து, கல்லூரி விழா எல்லா இடத்திலும் நாங்கள் நாலு பேர் மட்டுமே வாசித்ததால் எங்களோடு மோத ஆள் இல்லை.

பேச்சியக்காதான் முதலில் சிரித்தாள். “நான் அந்த மனுசன மொறச்சேனே. இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு அவர் முன்னால போவேன்?”

டூர் மேனேஜர் நிவேதா மேடமும் வந்துவிட்டார். எல்லாரும் வாசிக்கிற சுருதிக்கு மாறிக்கொள்ளுங்கள், ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு தருகிறோம் என்றார். அப்போது கௌதமன் பொங்கல் தட்டோடு அங்கே நின்றார்.

“அவங்க ஏன் மாறணும்? அந்தப் பாட்டு அந்த இடத்துலதான் நல்லா இருக்கு. என்கிட்ட ஆறு கிட்டார் இருக்கு. ஒண்ண அவங்க ஆர்மோனியத்துக்குச் சேத்து வச்சுக்கறேன்.”

நிவேதா மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் மேடையில் இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, சென்னையில் வேறொரு குழு தயாராக இருக்கிறது என்றும் சொன்னார்.

லோகு அண்ணன் எங்கள் சுருதிக்கு நாலேகால் கட்டை என்று பெயர் வைத்துவிட்டார். அதிர்வெண் நூற்று எண்பது.

ஆகஸ்ட் 6, புதன். திருச்சி

துணி துவைத்தேன். மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டுக் குரங்குக்குக் காவல் இருந்தேன். உதுமான் அண்ணனின் பனியனை ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

லாட்ஜ் மின்விசிறி இரண்டாவது எண்ணில் நாலேகாலுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. மூன்றில் ஏறிவிடுகிறது. அதனால் இரண்டிலேயே வைத்துத் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி. திருச்சி

இதை மெதுவாக எழுத வேண்டும்.

மாலை நாலு மணிக்குக் கௌதமன் எங்கள் பக்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே அவர்களுடைய பேஸ் கிட்டார்காரரும். நான் சட்ஜத்தைப் பிடித்தேன். அவர்கள் கிட்டாரின் முறுக்காணிகளைத் திருகி இறக்கி இறக்கி அந்த ஒற்றை ரீடிடம் வந்து சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் பேனரில் முகம் இருக்கிற மனிதர்கள், களிம்பேறிய பெட்டிக்குக் காதைச் சாய்த்துக்கொண்டு.

இன்று கூட்டம் கேட்டது. ‘வெள்ளை வயல்’ இரண்டாம் சரணத்தில் கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியக்காவின் குரல் மைதானத்தின் கடைசி விளக்குக் கம்பம் வரை போய் அங்கே ஒரு நொடி நின்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அவள் பாடும்போது கண்ணை மூட மாட்டாள். யாரையோ வேலை ஏவுகிற மாதிரி நேராகப் பார்த்துப் பாடுவாள். 

என் வேலை அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுண்டுவிரலால் சட்ஜத்தைப் பிடித்தபடியே இருப்பேன். அக்காவின் தோள் ஏறும்போது மூச்சு வாங்கப்போகிறாள் என்று தெரியும். அப்போது துருத்தியைத் தளர்த்திவிட்டு, அவள் வரியைத் தொடங்கும்போது கூடவே காற்றைக் கொடுப்பேன். அக்காவுக்கு இது தெரியாது. சொல்கிற அளவுக்கு விஷயமும் இல்லை.

நிவேதா மேடம் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆர்மோனியம் விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள். கோயம்புத்தூர்

லாரியில் ஏற்றும்போது பெட்டியின் கைப்பிடி பிய்ந்து, ஆள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. துருத்தி கிழிந்துவிட்டது. ரீடு பலகை குறுக்கே பிளந்துவிட்டது. பதினோரு ரீடுகள் வளைந்திருக்கின்றன. பழுது பார்க்கும் கடையில் ஒரு மாதம் ஆகும், பழைய நாதம் வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கயிறு வாங்கிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினோம்.

தூக்கியவர் முருகேசண்ணன். லோடு ஏற்றுபவர். கவனமில்லாத ஆள் என்று அவரை எல்லார் முன்னாலும் நிவேதா மேடம் திட்டினார். இனி மேடைப் பொருள் எதையும் அவர் தொடக்கூடாதாம், ஜெனரேட்டர் லாரியில் மட்டும் இருக்க வேண்டுமாம். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன். கோயம்புத்தூர்

இந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசிக்க மாட்டேன்.

அன்று நான் பெட்டிக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். முருகேசண்ணன் குனிந்து கைப்பிடியைப் பிடிப்பதைப் பார்த்தேன். அண்ணே, கீழ பிடிங்க. மூன்று வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. அவர் என்னைவிட மூத்தவர், தினமும் எத்தனையோ பெட்டி தூக்குகிறவர், நான் போய் அவருக்குச் சொல்வதா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியில் அவர் நிமிர்ந்துவிட்டார். இன்னொரு நொடி. லாரியில் இருந்தவர் கை நீட்டினார். இன்னொரு நொடி.

அவரைத் திட்டும்போதும் நின்றேன். அப்போதும் வாய் வரவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஆஜர் சொல்வதற்கே எனக்கு நெஞ்சு அடிக்கும். அது யாருக்கும் கேடு செய்யவில்லை. இது செய்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி. கோயம்புத்தூர்

லோகு அண்ணன் ஒரு வழி சொன்னார். பழைய பதிவிலிருந்து நூற்று எண்பதை எடுத்துப் போனில் சட்ஜத்தை ஓடவிடலாம், கிட்டார்களையும் அதற்கே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். செய்தார்கள். சுருதி சரியாகவே இருந்தது. போன் மூச்சு விடாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

பேச்சியக்கா மூன்று வரி தாண்டவில்லை, சுருதி இறங்கிவிட்டாள். மறுபடி. மறுபடி. “சுவத்தப் பிடிச்சிட்டு நடக்குற மாதிரி இருக்கு. எனக்கு இது வேண்டாம்” என்றாள். பிறகு, “என்னமோ கொறையுது. என்னன்னு தெரியல” என்றாள்.

எனக்குத் தெரியும் என்று தோன்றியது. உறுதி இல்லாததால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி. கோயம்புத்தூர்

இரண்டாவது பாட்டில் பேச்சியக்கா நின்றுவிட்டாள். பாட்டின் நடுவில். மைக்கைப் பிடித்தபடி, வாய் திறந்தபடி. உதுமான் அண்ணன் டிரம்மில் ஏதோ வாசித்துச் சமாளித்தார். கௌதமன் சேரும் பாட்டையே விட்டுவிட்டு இறங்கினோம்.

நான் படிகளில் நின்றேன். வாசிக்க ஒன்றும் இல்லாததால் எனக்கு மேடையில் இடம் இல்லை. அக்காவின் கண்களில் அதற்கு முன் நான் பயத்தைப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிவேதா மேடம் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பாண்டிச்சேரி, அதுதான் கடைசி வாய்ப்பு, அங்கும் இப்படி ஆனால் சென்னைக்கு அந்த இன்னொரு குழு வரும் என்றார். என்னைப் பார்த்து, இன்ஸ்ட்ருமெண்ட் இல்லாமல் சும்மா அலைவானேன், வேண்டுமென்றால் ஊருக்குப் போய்விடம்மா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். கோயம்புத்தூர்

பையைக் கட்டிவிட்டேன். கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

முருகேசண்ணன் ஜெனரேட்டர் லாரி நிழலில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அண்ணே” என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய் மறுபடி கூப்பிட்டேன். நிமிர்ந்து, ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தார்.

“அந்தப் பெட்டி கைப்பிடி இத்துப்போனதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும்ணே. நீங்க தூக்கும்போது பக்கத்துலதான் நின்னேன். சொல்லல.”

இன்னொரு காதிலிருந்தும் எடுத்தார். “ஏன் சொல்லல?”

“வாய் வரல.”

அவர் சிரித்துவிட்டார். “சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருக்குமா, பாப்பா? ரெண்டு காதுலயும் இத மாட்டிக்கிட்டுல்ல தூக்குனேன்.” பரோட்டாவை ஒரு விள்ளல் பிய்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “ஆனாலும் சொல்லியிருக்கணும். ரெண்டாவது தடவயாவது கேட்டிருக்கும்.”

அங்கிருந்து நேராக நிவேதா மேடத்திடம் போய் அதையே சொன்னேன். நடுவில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் கடைசிவரை சொன்னேன். பிறகு அறைக்கு வந்து மற்ற மூன்று பேரிடமும் சொன்னேன். இன்பா அண்ணன் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். அவருக்கு வருத்தம் வந்தால் டீ வாங்கப் போவார். உதுமான் அண்ணன் மக்ரூன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். பேச்சியக்கா தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“ஆறு வருசத்துல ஒன் வாயிலருந்து வந்த நீளமான பேச்சு இதாம்ட்டி” என்றாள். “இதச் சொல்லிட்டு ஓடிரலாம்னு பாத்தியோ? பஸ்ஸு சாயந்தரந்தான. என் துணியயும் அலசிப் போட்டுட்டுப் போ.”

தண்டனை அவ்வளவுதானா என்று எனக்கு நம்ப முடியவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். துவைக்கும்போது முனகிக்கொண்டிருப்பது என் பழக்கம். பாட்டு ஒன்றும் இல்லை, வெறும் சட்ஜம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சும்மா ‘வெள்ளை வயல்’ பாட ஆரம்பித்தாள். என் கை தானாகத் துணியைக் கசக்குவதை அவள் மூச்சுக்குத் தக்கபடி நிறுத்தியது. முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் போனது. முடியும்வரை இறங்கவில்லை.

கதவில் வந்து நின்றாள். சீப்பு தலைமுடியிலேயே மாட்டியிருந்தது.

“அந்தச் சத்தத்த இன்னொருவாட்டி குடு.”

“எந்தச் சத்தம்க்கா?”

“இப்ப மூக்குக்குள்ள வச்சிருந்தியே, அது.”

கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து மறுபடி பாடினாள். கையில் சோப்பு நுரையோடு நான், கதவில் சாய்ந்து அவள். முடித்ததும் சீப்பைத் தலைமுடியிலிருந்து உருவினாள்.

“நீ என்கூட மூச்சு வாங்குத” என்றாள். “இத்தன நாளும் அந்தப் பெட்டிதான் வாங்குதுன்னு நெனச்சிட்டுருந்தேன்.”

பஸ்ஸுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

லோகு அண்ணன் சோதித்தார். என்னை முனகச் சொல்லிப் போனைப் பார்த்தார். நூற்று எண்பது. ஒரு மணி நேரம் கழித்து, நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார். நூற்று எண்பது. மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்லிக் கேட்டார். மூச்சு வாங்கியது, ஆனால் நூற்று எண்பது.

“இன்னாமா, டியூனிங் போர்க்கு எதையாச்சும் முழுங்கிட்டியா?” என்றார். இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவையைச் சொல்கிறார்.

இலவசமாகக் கிடைக்கிற செயலி, அது எவ்வளவு சரியோ தெரியாது. எல்லாருக்கும் இப்படிச் சுருதி நினைவில் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உதுமான் அண்ணனிடம், நாகர்கோவில் லிப்ட் எந்தச் சுரத்தில் முனகியது என்று நினைவிருக்கிறதா எனக் கேட்டேன். “லிப்டு லிப்டு மாரிதான் முனங்கிச்சு. நீ நல்லா இருக்கியா?” என்றார்.

ஆகஸ்ட் 23, சனி. பாண்டிச்சேரி

காலையில் எதுவும் உள்ளே இறங்கவில்லை. அக்கா மிரட்டியதால் ஒரு தோசை.

நான் எப்போதும் உட்காரும் இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முன்னால் ஆர்மோனியம் இல்லை. அது எவ்வளவு பெரிய மறைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. மடியில் கை. வாய்க்கு முன்னால் மைக். எதிரே கடற்கரை வரை தலைகள்.

இன்பா அண்ணன் தொடங்கிவிட்டார். நான் தொடங்க வேண்டிய இடம் வந்தது. வாய் திறக்கவில்லை. அதே மூன்றடி தூரம், அதே நொடி, இன்னொரு நொடி. உதுமான் அண்ணன் அந்தச் சுற்றையே மறுபடி வாசித்தார்.

பேச்சியக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. தோள் ஏறியது.

தோள் ஏறினால் காற்று கொடுக்க வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

என் குரல் பெரிய ஒலிபெருக்கிகள் வழியாக எனக்கே திரும்பி வந்தது. யாரோ என்று நினைத்தேன். அதன் மேல் அக்கா ஏறி நின்று பாடினாள். இருபது நிமிடமும் இறங்கவில்லை. இன்று யாரும் எங்கள் நேரத்தைக் குறைக்கவுமில்லை.

நிவேதா மேடம் கீழே காத்திருந்தார். சென்னையில் தயாராக இருந்த குழுவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் பேச்சியக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் கண்ணை மூடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. சென்னை

ஆறாயிரம் பேர் என்றார்கள். கேமராக்கள் ஐந்து. ஒன்று கொக்கு மாதிரி நீண்ட கழுத்தோடு தலைக்கு மேலே போய் வந்தது.

எங்கள் பாட்டுகள் முடிந்து ‘வெள்ளை வயல்’ வந்தது. கௌதமனும் அவருடைய ஆட்களும் ஏறினார்கள். அந்த வெக்கையில் கம்பிகள் இளகி, கிட்டார்கள் எல்லாம் அவற்றின் இடத்தைவிட்டு நகர்ந்திருந்தன. கௌதமன் ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மைக்கில்தான் சொன்னார். “ஒரு நிமிஷம் பொறுங்க. சுருதி சேக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எப்சி, குடுங்க.”

மேடையில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கொடுத்தேன்.

பேஸ் கிட்டார் முதலில் வந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் விம்மல் வேகமாக அடித்தது. அவர் முறுக்காணியைத் திருகத் திருக அது மெதுவானது, இன்னும் மெதுவானது, ஒரு நீளமான அலை, பிறகு நின்றது. அவர் என்னிடம் வந்துவிட்டார். பிறகு இன்பா அண்ணன். பிறகு கௌதமன். ஒவ்வொருவராக வந்து சேர்வது என் தொண்டைக்குள்ளேயே தெரிந்தது. மூச்சு முடியும்போது வாங்கிக்கொண்டு அதே இடத்தில் மறுபடி வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசிக் கம்பியும் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். மைதானத்தில் சத்தமே இல்லை. யாரும் கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கவில்லை. கடைகளில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. ஆறாயிரம் பேர், சுருதி சேர்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியக்காவின் தோள் ஏறியது.

ஆகஸ்ட் 25, திங்கள். சென்னை

பகல் பதினோரு மணிக்குச் சாமான்கள் ஏற்றினார்கள். முருகேசண்ணன் பழையபடி மேடைப் பொருள் பக்கம் வந்திருந்தார். நாங்கள் நாலு பேரும் வேனுக்குப் பக்கத்தில் நின்று உதுமான் அண்ணனின் கடைசி மக்ரூன்களைத் தின்றுகொண்டிருந்தோம். காலையில் அப்பா போன் செய்தார். நோட்டு நிறைந்துவிட்டதா என்று கேட்டார். எல்லாவற்றையும் வாசிக்கிறேன் அப்பா, ஒரு பக்கம்கூட விடாமல் என்றேன்.

கயிறு கட்டிய ஆர்மோனியப் பெட்டி வரிசையில் கடைசியாக இருந்தது. முருகேசண்ணன் வந்து குனிந்து கயிற்றைப் பிடித்தார்.

“அண்ணே, கீழ பிடிங்க.”

அவர் காதில் இயர்போன் இருந்தது. கயிற்றோடு நிமிரத் தொடங்கினார்.

“அண்ணே!”

லாரிக்காரர், லோகு அண்ணன், எதிர்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முருகேசண்ணன் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, ஒரு காதிலிருந்து எடுத்தார்.

“கீழ பிடிங்கண்ணே” என்றேன்.

அடியில் கை கொடுத்துத் தூக்கினார்.